பதினேழாம் நம்பர் வாள்

கொர்னேலியஸைப் பற்றி நான் எழுதுவேன் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் முகத்துக்கு நேரே சிரித்திருப்பேன். இந்தத் தங்கவயலில் எழுதத் தகுந்த மாதிரி வாழ்ந்தவர்களும் செத்தவர்களும் எத்தனையோ பேர். இவன் பாறை துளைக்கும் டிரில்களைத் தீட்டும் கொல்லன். சுரங்க ஷாப்டில் விழவில்லை, பாறை சரிந்து நசுங்கவில்லை. காய்ச்சலில் பாயில் கிடந்து, ஒன்பதாம் நாள் சத்தமில்லாமல் போய்விட்டான். சாவில்கூட ஒரு விசேஷம் கிடையாது.

என் பெயர் நேசமணி. வேலூர் மிஷன் பள்ளியில் படித்தவன். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்கு அப்பால் ஒரு சின்னக் கம்பெனியில், பெயர் வேண்டாம், பட்டறை ரைட்டராக இருக்கிறேன். சீட்டு எழுதுவது, கேட் பாஸ் கொடுப்பது, துரைகள் பேசுவதைத் தமிழில் சொல்லி, கொல்லர்கள் பேசுவதை இங்கிலீஷில் சொல்வது என் வேலை. பதினெட்டு வருஷம் கொர்னேலியஸின் மூஞ்சியை வாரத்தில் ஆறு நாள் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பாசத்தால் அல்ல.

1891இல் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு துணிமூட்டையும் ஒரு பெண்டாட்டியுமாக வந்து சேர்ந்தான். கத்தோலிக்கன். குட்டையான ஆள், பெரிய கை, அந்தக் கைக்குப் பொருந்தாத சின்னக் குரல். துரையின் நிழல் பட்டறை வாசலில் விழுந்தால் போதும், தலையில் கட்டின துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். துரை "சரியாகத் தீட்டு" என்றால் "எஸ் சார்". "நீ ஒரு கழுதை" என்றாலும் "எஸ் சார்". அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கொல்லனுக்கும் ஒரு நம்பர். அவன் கூர் போட்ட டிரில் எதுவானாலும் அடிப்பக்கத்தில் அந்த நம்பரைக் குத்தித்தான் கீழே அனுப்ப வேண்டும். சுரங்கத்துக்குள் லெவலில் பாறைமேல் வைத்து அடிக்கும்போது முனை உடைந்தால், யாருடைய பதம் கெட்டது என்று மேலே தெரிய வேண்டுமல்லவா, அதற்கு. கொர்னேலியஸ் பதினேழு. ஒரு ஷிப்டுக்கு நூறு தடவை பதினேழு, பதினேழு என்று குத்துவான். குத்தும்போது கை தானாகப் போகும், பார்வை வேறெங்கோ இருக்கும்.

டிரில் தவிர உடைந்த பிக்காசுகளும் பட்டறைக்கு வரும். சுரங்கக் கேப்டன்களின் ஆட்கள் அவற்றை வாசலில் கொட்டிவிட்டு "ஹேண்டில் ஒன்லி" என்று கத்திவிட்டுப் போவார்கள். பிடியை மட்டும் மாற்று, இரும்பில் கை வைக்காதே என்று அர்த்தம். நானும் அதைத்தான் சீட்டில் எழுதுவேன். அந்த வேலையும் பெரும்பாலும் கொர்னேலியஸிடம்தான் போகும், அவனுக்கு மரவேலையும் வரும் என்பதால்.

இப்படி டிரிலும் பிக்காசுமாகப் பிழைத்துக்கொண்டிருந்தவனுக்கு ரோமாபுரிப் பைத்தியம் எங்கிருந்து வந்தது? அவன் பெயரிலிருந்து வந்தது. ஆண்டர்சன்பேட்டைக் கோயில் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், வேதத்தில் வரும் கொர்னேலியஸ் என்பவர் ரோமர் படையில் நூற்றுக்கதிபதி, அதாவது நூறு பேருக்குத் தலைவர் என்று சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து இவன் நடையே மாறிவிட்டது. நூறு டிரில்லுக்குத் தலைவன், நூறு பேருக்குத் தலைவன் மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தான், துரை எதிரே வரும்வரை.

தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகம் போடுவார்கள். நான் புரொட்டஸ்டண்டு, எனக்கு அந்தக் கூத்தெல்லாம் ஆகாது. ஆனாலும் வருஷம் தவறாமல் போய்ப் பார்ப்பேன், எவ்வளவு மோசமாக நடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அதில் சேவகர்களாக வருகிறவர்கள் மூங்கில் பட்டையில் ஜிகினாக் காகிதம் ஒட்டி அதை வாள் என்பார்கள். 1902இல் கொர்னேலியஸ் கிளம்பிவிட்டான். ஆண்டவரைப் பிடிக்கப் போகிறவன் கையில் மூங்கிலா, நிஜ வாளே அடித்துத் தருகிறேன் என்றான்.

ரோமர் வாள் எப்படி இருக்கும் என்று இவனுக்குத் தெரியாது. கோயில் சுவரில் சிலுவைப்பாதைப் படங்கள் பதினாலு மாட்டியிருக்கும். சீமையிலிருந்து வந்த படங்கள். தினமும் ஷிப்டு முடிந்ததும் போய் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் கால்மணி நேரம் நிற்பான். சாமியார் நெகிழ்ந்துபோய், பக்தியென்றால் இந்தக் கொல்லனைப் போல இருக்க வேண்டும் என்று பூசையிலேயே சொன்னார். பக்தன் சேவகனின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்! ஆண்டவர் விழுந்து கிடக்கிறார், இவன் வாளுக்கு எத்தனை விரல் அகலம் என்று கணக்குப் போடுகிறான்.

அதிலும் ஒரு சங்கடம். பதினாலு படத்திலும் வாளின் பிடியைச் சேவகனின் கை மூடியிருந்தது, இல்லாவிட்டால் துணி மூடியிருந்தது. பிடி எப்படி இருக்கும் என்று தெரியாமல் இவன் பிக்காசுப் பிடி மாதிரியே ஒன்றைச் செதுக்கி மாட்டினான். அப்படி ஆறு வாள். உடைந்த டிரில் எஃகு. முனை மட்டும் ஊசி. சேவகர்களுக்குத் தலைவனாக நடித்த சம்பங்கி என்ற டிராலி தள்ளுகிறவன் ஆவேசத்தில் வாளை உருவி, தன் கெண்டைக்காலையே கிழித்துக்கொண்டான். ஜனங்கள் அதையும் நாடகம் என்று நினைத்து ஓவென்று அழுதார்கள்.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் எங்கள் பட்டறை இன்ஜினீயர் பெங்கெல்லி துரை. நேட்டிவ்கள் கிறிஸ்துவைச் சிலுவையில் அறைவதைப் பார்த்துச் சிரிக்க வந்தவர். ரத்தத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, வாளைக் கொண்டுவரச் சொல்லி விரலால் தடவிப் பார்த்தார். மறுநாள் என்னையும் கொர்னேலியஸையும் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

பெங்கெல்லியைப் பற்றி இரண்டு வார்த்தை. பட்டறைக்கு அவரால் ஒரு பிரயோசனமும் கிடையாது. விஸ்கியும் வேட்டையும் போக மிச்ச நேரத்தில் தனக்கு எப்போது சூப்பரின்டென்டென்ட் பதவி வரும் என்று பெருமூச்சு விடுவார். அந்தப் பதவியைக் கொடுக்கக்கூடிய டைரக்டர்களுக்கு நெருங்கிய சிநேகிதர், பெங்களூர் தண்டில், அதாவது பட்டாளத்துக் குடியிருப்பில், ஓய்வாக இருந்த ஒரு கிழக் கர்னல். கர்னலுக்குப் பழங்காலத்து ஆயுதம் என்றால் உயிர். இவ்வளவும் எனக்குப் பிறகுதான் ஒன்றோடொன்று சேர்ந்து விளங்கியது.

பங்களாவில் துரை ஒரு தடித்த புஸ்தகத்தைத் திறந்து காட்டினார். ரோமர் வாள், தனித்தனியாகப் பிரித்து வரைந்த படம். கொர்னேலியஸ் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான அன்று தன் பெண்டாட்டி பியாட்ரிஸை அப்படிப் பார்த்திருக்க மாட்டான். பிடி மூன்று துண்டு மரம். கீழே பாதி உருண்டையாகக் கைக்குக் காப்பு, நடுவில் விரல் பதிய நாலு பள்ளம் வெட்டின பிடி, மேலே முழு உருண்டை. வாளின் அடியிலிருந்து ஒல்லியான ஒரு காம்பு மூன்றையும் துளைத்துக்கொண்டு போய், உச்சியில் அடித்து மடக்கியிருக்கும்.

"இதே மாதிரி ஒன்று வேண்டும். அச்சு மாறக்கூடாது" என்றார் துரை.

"எஸ் சார்" என்றான் நூற்றுக்கதிபதி.

அடுத்த நாலு மாதம் அவன் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. எஃகைப் பழுக்கவைத்து மடித்து அடிப்பான், நீட்டுவான், எண்ணெயில் தோய்ப்பான், கோணிவிட்டது என்று தூக்கிப் போடுவான். மூன்று வாள் அப்படி வீணாயிற்று. பிடிக்குக் கருவேலம் வெடித்துவிட்டது, மா மெத்தென்று போயிற்று. கடைசியில் ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பில் இடி விழுந்த புளியமரத்திலிருந்து வைரம் பாய்ந்த கட்டை ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தான். அதைக் கண்ணாடிச் சில்லால் இழைத்து இழைத்து, விரல் பள்ளங்களைத் தன் கைக்கு வைத்துப் பார்த்துப் பார்த்துக் குடைந்தான். ரோமன் பிடித்தானோ இல்லையோ, அந்தப் பிடி கொர்னேலியஸின் தடித்த விரலுக்கு மட்டும் சரியாக இருந்தது.

ஒருநாள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ரைட்டரய்யா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"இன்னா?"

"இத்த பாக்க வர்ற தொரைங்ககிட்ட, இது யார் செஞ்சதுன்னு நம்ம தொரை சொல்வாராய்யா?"

"சொல்லாம? நூத்துக்கதிபதி கொர்னேலியஸ் செஞ்சதுன்னு மணி அடிச்சிச் சொல்வாரு."

நான் நக்கல் செய்தது அவனுக்கு உறைக்கவில்லை. "மூணு லட்சம் டிரில்லு தீட்டிருப்பேன்யா. உடைஞ்சா மட்டுந்தான் எவன்டா பதினேழுன்னு கேப்பாங்க. நல்லா கீதே, யார்டா செஞ்சதுன்னு ஒரு தொரை வாயால ஒரே ஒரு வாட்டி கேக்கணும்" என்றான். அவனுக்கு வாழ்க்கையில் வேண்டியது அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வாள் முடிந்தது. அழகாக இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் இருந்தது. அதை வெளியே கொண்டுபோக நான்தான் கேட் பாஸ் எழுதினேன். துரை சொன்னபடி "பழைய இரும்பு, ஒன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு துரை அதை, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டுகிற சயனைடு மணல்மேட்டில் புதைத்துவைக்கச் சொன்னார். புஸ்தகத்துப் படத்தில் வாள் துரு ஏறி இருக்கிறதாம், அப்படி வந்தால்தான் அச்சு அசலாம். கொர்னேலியஸ் புதைத்தான். மூன்று மாதம் கழித்துத் தோண்டி எடுத்து, அரித்துப்போன எஃகைத் தடவிக்கொண்டு கண்ணீர் விட்டான். எதற்காகப் பழசாக்குகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை மடையனுக்கு. எனக்குத் தோன்றியது, நான் கேட்கவில்லை.

1903 மார்ச்சில் கர்னல் வந்தார். பெங்கெல்லி அவரிடம், சீமையில் தன் மாமாவின் நிலத்தை உழும்போது கிடைத்த வாள், ஆயிரத்தெண்ணூறு வருஷப் பழசு என்று சொல்லியிருக்கிறார். காணிக்கையாகக் கொடுக்கப் போகிறார். கர்னல் அதைக் கையில் எடுத்தார், பிடி கடகடவென்று ஆடியது. அந்த மாதத்து வெயிலில் புளிய வைரமே வற்றிச் சுருங்கியிருந்தது. கிழவருக்கு விஷயம் தெரியும். உச்சியிலிருந்த மடிப்பை நெம்பி, மூன்று மரத்துண்டையும் கழற்றிவிட்டார். மரத்துக்குள் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருந்த காம்பில், நட்டநடுவில், 17.

கை தானாகக் குத்தியிருக்கிறது. உலகத்தில் எந்த மோசக்காரனும் தன் நம்பரைப் போட்டு மோசம் செய்யமாட்டான். எங்கள் பட்டறைக் கொல்லனால் மட்டும்தான் அது முடியும்.

பெங்கெல்லிக்குச் சமயத்தில் புத்தி வேலை செய்தது. வாள் பழசுதான், பிடி மக்கிப்போயிருந்தது, புதுப்பிடி போடக் கொடுத்தேன், முட்டாள் வழக்கம்போல நம்பர் குத்திவிட்டான் என்றார். கர்னல் விடவில்லை. அந்தக் கொல்லனை வரச்சொல், நானே கேட்கிறேன் என்றார்.

எங்களைக் கூப்பிட ஆள் வந்தது. பங்களா வாசலில் பெங்கெல்லி என்னைத் தனியாக ஒதுக்கி, மெதுவாகச் சொன்னார். கொல்லன் பிடி மட்டும்தான் போட்டான் என்றால் காலியாக இருக்கிற மேஸ்திரி வேலை அவனுக்கு. வாளே அவன் செய்தது என்றால் அது கம்பெனி டிரில் எஃகு, திருட்டு, இன்றைக்கே கம்பெனி லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஜெயிலுக்குப் போகலாம். "கேட் பாஸில் யார் கையெழுத்து என்பது உனக்கு நினைவிருக்கும்" என்று என் தோளைத் தட்டினார். நான் எல்லாவற்றையும் கொர்னேலியஸிடம் தமிழில் சொன்னேன். என் கையெழுத்து விஷயம் உட்பட. அவன் தலையை ஆட்டினான். எஸ் சார் போடுகிறவன்தானே, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மேஜைமேல் வாள் பிடியில்லாமல் கிடந்தது. கர்னல் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டி, "இது நன்றாகச் செய்த வாள். இதைச் செய்தது யார்?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

கொர்னேலியஸ் துண்டை இடுப்புக்கு இறக்கவில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

"நான்தான்னு சொல்லுங்கய்யா. கத்தியும் நான்தான், பிடியும் நான்தான். நாலு மாசம் அடிச்சேன். அந்த நம்பரு என்னுது" என்றான். பதினெட்டு வருஷத்தில் அவன் குரல் அவ்வளவு உரக்க நான் கேட்டதில்லை.

பெங்கெல்லிக்கு ஓரளவு தமிழ் தெரியும். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. கர்னல் என்னைப் பார்த்தார். என் வீட்டில் நாலு பிள்ளைகள். எனக்கு யோசிக்க ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

"ஹேண்டில் ஒன்லி, சார்" என்றேன்.

கர்னல் கொர்னேலியஸைத் திரும்பிப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "எஸ் சார்" என்றான்.

முட்டாள், ஒன்றும் புரியவில்லை, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். கர்னல் மகிழ்ச்சியாக வாளை எடுத்துக்கொண்டு போனார். சீமையில் ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ரோமராஜ்ஜியத்து வாள் என்ற சீட்டோடு அது படுத்திருக்கும், பெரிய மனிதர்கள் குனிந்து பார்த்துத் தலையாட்டுவார்கள். பெங்கெல்லி சூப்பரின்டென்டென்ட் ஆனார். கொர்னேலியஸ் மேஸ்திரி ஆனான்.

மேஸ்திரி ஆனவன் சுத்தியலைத் தொடவில்லை. அடுத்த வருஷம் பாஸ்காவுக்கு வாள் கேட்டு வந்தார்கள், மூங்கிலே போதும் என்று அனுப்பிவிட்டான். என்னிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டான். பதவி வந்ததும் கொழுப்பு ஏறிவிட்டது என்று நினைத்தேன். ஜெயிலுக்குப் போக இருந்தவனைக் காப்பாற்றி மேஸ்திரியாக்கியவன் நான், ஒரு நன்றி சொல்லத் தெரியவில்லையே இந்த ஜென்மத்துக்கு என்று ஆறு வருஷம் கண்டவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

போன மாதம் அவனை அடக்கம் செய்த மூன்றாம் நாள் பியாட்ரிஸ் என் மேஜைக்கு வந்தாள்.

"ரைட்டரய்யா, பட்டறைல அவுரு பொட்டி கீது. எட்த்துக்கினு போவணும். சீட்டு எழுதிக் குடுங்க."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டு சுத்தியல், ஒரு ஜெபமாலை, ஒன்று என்றும் ஏழு என்றும் குத்துகிற இரண்டு அச்சு உளி. சாக்கில் சுற்றி ஒரு வாள். பெங்கெல்லிக்குச் செய்யும்போது கோணிவிட்டது என்று தூக்கிப்போட்டவற்றில் ஒன்று. அதை நிமிர்த்தி, மிச்சப் புளிய வைரத்தில் பிடி போட்டுவைத்திருக்கிறான். கையில் பிடித்துப் பார்த்தேன், என் விரல்கள் அந்தப் பள்ளங்களில் உட்காரவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உம் புருசன் மேஸ்திரி ஆனது யாரால தெரியுமாம்மா? சாவுற வரிக்கும் ஒரு வார்த்த சொல்லலியே அந்த ஆளு" என்றேன்.

"தெரியும்யா. அன்னிக்கே ஊட்டுக்கு வந்து சொன்னாரு. நான் கத்தியும் நான்தான்னேன், ரைட்டரு ஹேண்டில் ஒன்லின்னாருன்னு."

என் கையில் வாள் அப்படியே நின்றது. தினம் பத்துத் தடவை அவன் காதில் விழுந்த வார்த்தை. தினம் பத்துச் சீட்டில் நான் எழுதிய வார்த்தை.

"தெரிஞ்சுக்கினா சும்மா இருந்தான்? அங்கியே நோ சார்னு சொல்லிருக்கலாமே?"

"நானும் அதாங்கய்யா கேட்டேன். ஜெயிலு வந்தா வரட்டும்னுதான் உள்ள போனாராம். ஆனா நீங்க அப்டி சொன்னப்புறம், இல்லன்னு இவுரு சொன்னா ரைட்டரு பொய்யின்னு ஆயிடும், அவுரு வேலையும் போயிடும், அவுரு ஊட்ல நாலு பசங்க கீதுங்க, போவட்டும் புள்ளன்னாரு." அவள் குரலில் குற்றம் சாட்டுவது மாதிரி எதுவும் இல்லை. சீட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

வெட்கப்பட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு வந்தது கோபம். எஸ் சார் போட்டுத் திரிந்த ஒரு கொல்லன் எனக்குப் பிச்சை போட்டுவிட்டு, அதை என்னிடம் சொல்லாமலே செத்தும் போய்விட்டான். இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அவனை இளக்காரம் செய்ய எனக்குத் தெரிந்ததையெல்லாம் மேலே எழுதிவிட்டேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் போதவில்லை.

கேட் பாஸ் புஸ்தகத்தை எடுத்தேன். பழைய இரும்பு என்று எழுதத்தான் பேனா போனது. அடித்துவிட்டு, இங்கிலீஷில் எழுதினேன்: "வாள் ஒன்று. கத்தியும் பிடியும் செய்தவர் கொர்னேலியஸ், பதினேழாம் நம்பர்." கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தேன்.

பியாட்ரிஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். காவல்காரப் பெருமாள் சீட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. கம்பியில் இருந்த மற்றச் சீட்டுகளோடு அதையும் குத்திவிட்டு, போம்மா என்றான்.